கீழ் இழுப்பறையில் கிடந்த கீதம்

கப்பல் கண்ணில் பட்டபோது மணி ஒன்பதே கால். அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் வெள்ளையாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். பத்தரைக்கு அது அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தின் முதல் மேடையில் வந்து ஒட்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சின்ன நாடு ஒன்றின் புது அதிபர் அதிலிருந்து இறங்குவார். அவர் கால் தரையில் பட்டதும் துறைமுகப் பேண்டின் முப்பத்தெட்டுப் பேரும் அவருடைய நாட்டுத் தேசிய கீதத்தை வாசிப்பார்கள். தப்பான கீதத்தை.

அது தப்பான கீதம் என்பது அந்த மேடையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பெயர் ஷஹாத்தா. பேண்டின் துணைத் தலைவர், முதல் கிளாரினெட், இசைத்தாள் அறைக்குப் பொறுப்பாளர். முப்பத்திரண்டு வருஷமாகச் சீருடை போடுகிறவர். எல்லாம் தெரிந்துகொண்டே, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிளாரினெட்டின் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இப்படியே நின்றால் போதும். பேண்டுத் தலைவர் மேஜர் முராதின் கதை முடிந்துவிடும்.

அந்த நாட்டில் வசந்த காலத்தில் ஆட்சி கவிழ்ந்தது. புது ஆட்சி வந்ததும் கொடியை மாற்றினார்கள், கீதத்தையும் மாற்றினார்கள். புதுக் கீதத்தின் இசைத்தாள்கள் பதினாறு நாளைக்கு முன்னால், மூன்றாம் தேதியன்று, அமைச்சகத்திலிருந்து பழுப்பு உறையில் வந்து சேர்ந்தன. வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் ஷஹாத்தா. கைப்பழக்கத்தில் உறையின் மேல் தேதி முத்திரையும் குத்தினார். அதன் கீழே தன் முத்துமுத்தான கையெழுத்தில், 'மேஜர் முராதிடம் நேரில் கொடுக்கப்பட்டது' என்று எழுதினார். எழுதிவிட்டு, மேஜர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய நிகழ்ச்சி நிரல்களுக்கு அடியில் அதைச் சொருகி வைத்தார். நாளைக்கு விசாரணை என்று வந்தால் உறை அங்கேதான் அகப்பட வேண்டும். வாங்கிப் போட்டுவிட்டு மறந்த குற்றம் மேஜருடையதாக வேண்டும்.

இதைச் செய்தவர் அடிப்படையில் கெட்டவர் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. கெட்ட காரியம் செய்கிற நேரத்தில் எல்லாரும் கெட்டவர்கள்தான். ஆனால் ஷஹாத்தாவுக்கு ஒரு ரணம் இருந்தது. பதினாலு வயதில் பேண்டில் சேர்ந்து, தாளம் தட்டி, பித்தளை துலக்கி, ஒவ்வொரு வாத்தியமாகக் கற்று மேலே வந்தவர். இரண்டு தடவை தலைவர் நாற்காலி காலியானது. இரண்டு தடவையும் கெய்ரோவிலிருந்து, அகாடமியில் படித்து இத்தாலியில் பயிற்சி பெற்ற, தன்னைவிடச் சின்ன வயது அதிகாரி வந்து அதில் உட்கார்ந்தார். இரண்டாவதாக வந்தவர்தான் முராத். இரண்டாம் தேதியன்று அலுவலக எழுத்தர் ஒருவன் ஷஹாத்தாவின் காதில் ஓதினான்: "உங்க மேஜர் கெய்ரோவுக்குப் போறார் போல, உஸ்தாத். தனக்கு அப்புறம் யாருன்னு தலைமையகத்துக்கு எழுதி அனுப்பியிருக்கார்." யாருடைய பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஷஹாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. மேஜர் தன் அகாடமி சிநேகிதன் எவனையோ இழுத்து வரப் போகிறார்! வேறு யாரை எழுதுவார்? அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் உறை வந்தது.

அதற்குப் பிறகு மேஜர் ஒரு தடவை கேட்கவும் செய்தார். "அந்த நாட்டுல ஆட்சி மாறிடுச்சே, கீதத்துல ஏதும் மாத்தம் உண்டா? அமைச்சகத்துலருந்து எதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையே, ஃபந்திம். நம்மகிட்ட இருக்கிற தாளே போதும்." மேலதிகாரியை 'ஐயா' என்பதற்கு அங்கே ஃபந்திம் என்பார்கள்.

ஷஹாத்தாவின் வார்த்தையை மேஜர் சந்தேகப்பட்டதே கிடையாது. பத்து நாள் பழைய கீதத்தையே ஒத்திகை பார்த்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள்.

இப்போது மேஜர் முராத் வரிசையைத் தாண்டி நேராக ஷஹாத்தாவிடம் வந்தார். ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். இன்று அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. பேண்டு நடத்தும் கோலை ஷஹாத்தாவிடம் நீட்டினார்.

"புடிங்க. இன்னைக்கு நீங்கதான் நடத்துறீங்க."

"என்ன ஃபந்திம்?"

"காது கேக்கலையா? அடுத்த மாசம் என்னைக் கெய்ரோவுக்கு மாத்துறாங்க, எல்லாப் பேண்டுக்கும் மேல. இங்க யாரைப் போடலாம்னு கேட்டாங்க. உங்க பேரை எழுதினேன். அகாடமி படிக்காத ஆளுக்கு அதிகாரிப் பதவி எப்படிக் குடுக்கிறதுன்னு இழுத்தாங்க. ஒருநாள் வந்து அவர் கையைப் பாருங்க, அப்புறம் பேசுங்கன்னு சொன்னேன்." மேஜர் தலையைச் சற்றே திருப்பி விருந்தாளிகளின் கூடாரத்தைக் காட்டினார். "அட்மிரல் அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கார். நியமன ஓலையும் கையோட இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

ஷஹாத்தா கோலை வாங்கிக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் வாயில் வந்தது.

"சொன்னா பத்து நாள் தூங்க மாட்டீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?" மேஜர் கை நீட்டி அவரிடமிருந்து கிளாரினெட்டை வாங்கிக்கொண்டார். "இதை நான் வெச்சிருக்கேன். போங்க."

நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிவிடலாமா? ஷஹாத்தா நிஜமாகவே யோசித்தார். மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கோல் மேஜரிடமே திரும்பிவிடும். மேஜர் பழைய கீதத்தை வாசிப்பார், போட்ட திட்டம் போட்டபடி நடக்கும். ஆனால் மேஜர் விழுந்தால் அவர் எழுதிய சிபாரிசும் கூடவே விழும். ஷஹாத்தாவின் பெயரும்தான். அதைவிட, தன் கிளாரினெட்டைக் குழந்தையைத் தாங்குகிற மாதிரி கைமடிப்பில் தாங்கிக்கொண்டு நிற்கிற இந்த மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. கேவலமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பு வந்தது.

"ஃபந்திம், ஒரு தாளை மறந்து விட்டுட்டேன். பேண்டு அறை வரைக்கும் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"யாரையாவது அனுப்புங்களேன்."

"இல்ல, எனக்குத்தான் இடம் தெரியும்."

அது மட்டும் உண்மை.

பேண்டு அறை துறைமுகத்தின் மறுகோடியில். சரக்குக் கிடங்குகள் ஏழையும் தாண்டிப் போக வேண்டும். நாற்பத்தாறு வயது மனிதர், பொன்னிற நாடாவும் பித்தளைப் பொத்தானும் வைத்த கனத்த சீருடையில், ஜூன் மாத வெயிலில் ஓடினார். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "உஸ்தாத், கல்யாணப் பொண்ணு ஓடிடுச்சா?" என்று ஒருவன் கத்தினான். ஷஹாத்தா காதில் வாங்கவில்லை. கிடங்குகளின் இடைவெளியில் கடல் தெரிந்த ஒவ்வொரு தடவையும் பொட்டு பெரிதாகியிருந்தது. நாலாவது இடைவெளியில் புகைபோக்கி தெரிந்தது. ஆறாவதில் கொடிக்கம்பம்.

மேஜரின் மேசை பூட்டியிருக்கவில்லை. அவர் எதையும் பூட்டுகிறவர் இல்லை. கீழ் இழுப்பறை, பழைய நிகழ்ச்சி நிரல்கள், அடியில் பழுப்பு உறை. வைத்தது வைத்தபடி இருந்தது. அதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பி ஓடினார்.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. கப்பல் அலைதடுப்புச் சுவரின் வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது.

பேண்டுக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கிச் சுங்கக் கொட்டகைக்குள் மரப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய ட்யூபாவை மடியில் வைத்துக்கொண்டு ஹனஃபி ஒரு சிகரெட்டை நாலு பேருக்குச் சுற்றில் விட்டுக்கொண்டிருந்தார். பேண்டில் ஷஹாத்தாவுக்கு அடுத்த பழைய ஆள் அவர்தான். இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள்.

"எல்லாரும் எந்திரிங்க! தாள் மாறுது. கீதமே மாறுது." ஷஹாத்தா உறையைக் கிழித்துத் தாள்களை உருவி, காலி உறையைப் பெட்டி மேல் எறிந்தார். "அவங்க கீதத்தை மாத்திட்டாங்க. இதான் புதுசு."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இப்பவா? அரை மணி நேரத்துலயா?"

"நாம செத்தோம். போன வருஷம் அந்த எல்லைப் பேண்டுக்காரங்க ஒரே ஒரு வரியை விட்டுட்டாங்கன்னு மொத்தப் பேரையும் பாலைவனத்துக்குத் தூக்கிப் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

"எப்ப வந்துச்சு இது?" என்று கேட்டார் ஹனஃபி.

"இப்பத்தான்."

"அமைச்சகத்துக்காரன் கழுத்தறுத்துட்டானா? அவன் வீட்ல இடி விழ!"

"ஆமா" என்றார் ஷஹாத்தா. அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "வாயை மூடுங்க எல்லாரும். ஊமை ஒத்திகை. கூடாரத்துல விருந்தாளிங்க இருக்காங்க, ஒரு சத்தம் வெளிய போகக் கூடாது."

ஊமை ஒத்திகை என்பது பேண்டுக்காரர்களின் பழைய வித்தை. பேருந்தில் போகும்போதும் மழைக்கு ஒதுங்கும்போதும் செய்வார்கள். வாத்தியத்தை உதட்டில் வைக்க வேண்டும், ஊதக் கூடாது. விரல்கள் மட்டும் வாசிக்கும். தாளை வாங்கியவர்கள் அதைப் பெட்டி மேலும் எதிராளியின் முதுகிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஷஹாத்தா கை காட்டினார். கொட்டகைக்குள் வாத்தியங்களின் பொத்தான்களும் விசைகளும் சளசளவென்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, தகரக் கூரையில் தூறல் விழுவது போல.

தாள்கள் முப்பத்தொன்றுதான் இருந்தன. ஆறு பேர் தாள் இல்லாமல் நின்றார்கள்.

"எங்களுக்கு?"

"நீங்க ஆறு பேரும் கன்னத்தை உப்பிக்கிட்டு நில்லுங்க. ஒரு சின்னச் சத்தம் வந்துச்சுன்னாலும் கொன்னுடுவேன்."

"கன்னம் உப்புறதுக்கா ஒன்பது வருஷம் படிச்சோம்?" என்றான் ஒரு டிராம்போன்காரன். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்லதுக்குத்தான் வந்தது.

இரண்டாவது சுற்றில் ஷஹாத்தா ஆபத்தான இடத்தைக் கண்டுபிடித்தார். கீதத்தின் கடைசி அடிக்கு முன்னால் நாலு தாளம் முழு மௌனம். எவனோ ஒரு கவிராயன் வீரர்களின் நினைவுக்காக அங்கே மூச்சை நிறுத்தியிருந்தான். பேண்டுக்காரர்கள் எவரும் மௌனத்தை மதிப்பதில்லை. எண்ணி முடிப்பதற்குள் யாராவது ஒருவன் உள்ளே குதித்துவிடுவான். அதைவிட மோசம், மரியாதைக் காவலணியின் கேப்டன் கீதம் முடிந்துவிட்டதென்று துப்பாக்கிகளை இறக்கச் சொல்லிவிடுவான். கீதத்தின் நடுவில் துப்பாக்கியை இறக்கினால் அதற்குப் பழைய கீதமே தேவலை.

"இந்த இடத்துல என் இடது கை மேல போகும். கை மேல இருக்கிற வரைக்கும் ஒருத்தன் இமை கொட்டக் கூடாது. கேப்டன்கிட்ட யாராவது ஓடிப் போய்ச் சொல்லுங்க, அவனும் என் கையையே பார்க்கட்டும்."

மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோதுதான் மேஜர் முராத் உள்ளே வந்தார். கையில் இன்னும் அந்தக் கிளாரினெட். சத்தமில்லாத ஒத்திகையை ஒரு கணம் பார்த்தார். அருகில் நின்றவன் முதுகில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். பிறகு பெட்டி மேல் கிடந்த உறையை எடுத்தார்.

ஷஹாத்தாவின் கை தாளம் போட்டுக்கொண்டேயிருந்தது. கண் மட்டும் மேஜரின் முகத்தில். மேஜர் முத்திரையைப் படித்தார். மூன்றாம் தேதி. கீழே இருந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவருக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்கவில்லை. முகத்திலிருந்த அந்தச் சிரிப்பு மாதிரியான ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போனதை ஷஹாத்தா பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

மேஜர் உறையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கப்பல் கயிறு போட்டாச்சு. வரிசைக்கு வாங்க."

பேண்டு நடத்துகிறவன் விருந்தாளிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். பின்னால் என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் துலக்கிய ட்யூபாவின் வாய் கண்ணாடி மாதிரி. தலைவர்கள் அதில் பார்த்துத்தான் விருந்தாளிகளின் நடமாட்டத்தைப் படிப்பார்கள் என்று வரிசையில் நின்ற காலத்திலேயே ஷஹாத்தாவுக்குத் தெரியும். இன்று ஹனஃபியின் பித்தளைக்குள் வெள்ளைக் கப்பல் கோணலாக வளைந்து நின்றது. ஏணியில் கறுப்பாக ஒரு உருவம் இறங்கியது. மெதுவாக. ஒவ்வொரு படியிலும் நின்று கையசைத்துக்கொண்டு. ஷஹாத்தாவின் காலரில் வியர்வை ஊறியது. முப்பத்தேழு ஜோடிக் கண்கள் அவரையே தின்றன. இரண்டு வரிசை தள்ளி ஓரத்தில் மேஜர் விறைப்பாக நின்றிருந்தார்.

உருவத்தின் கால் தரையில் பட்டது. கோல் இறங்கியது.

சத்தம் வந்தது. அதுவே பாதி உயிரைக் கொடுத்தது. முதல் அடி தடுமாறாமல் எழுந்தது. இரண்டாவதில் ஒரு டிரம்பெட் பிசகியது, பக்கத்தவன் உரக்க வாசித்து மூடினான். பித்தளைக்குள் அந்த உருவம் சட்டென்று நிமிர்ந்து நின்று கையை மார்பில் வைத்ததை ஷஹாத்தா பார்த்தார். அவர் நாட்டுக் கீதம்தான், சரியான கீதம்தான். தாளில் படித்த பாட்டை அவர் அந்த இடத்திலேயே புரிந்துகொண்டார். எங்கே ஏற வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவருடைய தோளுக்கே தெரிந்தது. இந்தக் கணத்துக்காகத்தான் முப்பத்திரண்டு வருஷம். என்ன சொன்னாலும் அவர் பிறவிக் கலைஞர், அதை யாரும் மறுக்க முடியாது.

கடைசி அடிக்கு முன்னால் இடது கை மேலே போனது.

மௌனம். ஒன்று. கடற்பறவை ஒன்று கத்தியது. இரண்டு. காவலணி கேப்டனின் வாய் திறப்பதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். முஷ்டியை இன்னும் உயர்த்தினார். மூன்று. கேப்டனின் வாய் மூடிக்கொண்டது. கன்னம் உப்பி நின்ற டிராம்போன்காரனின் கண்கள் பிதுங்கின. நாலு. கை இறங்கியது, முப்பத்தொரு பேரும் ஒரே மூச்சாக உள்ளே விழுந்தார்கள்.

அடுத்து சொந்த நாட்டுக் கீதம். அதைத் தூக்கத்திலும் வாசிப்பார்கள்.

விருந்தாளிகளின் கார்கள் புறப்பட்டுப் போனபின் அட்மிரல் பேண்டின் பக்கம் வந்தார். குட்டையான, சத்தமான மனிதர். கலையாமல் வரிசையில் நின்றவர்களுக்கு எதிரிலேயே ஷஹாத்தாவின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"அந்த அதிபர் அழுதுட்டான்யா! தன் நாட்டுல கூட இதை இவ்வளவு நல்லா வாசிச்சதில்லைன்னு சொல்றான்! மேஜர், அகாடமி அது இதுன்னு நாங்க பேசினதை மறந்துடுங்க. எங்க அந்த ஓலை? போடுங்க கையெழுத்தை."

உதவியாளன் ஓலையையும் பேனாவையும் நீட்டினான். மேஜர் முராத் பேனாவைத் தொடவில்லை.

"வேண்டாம், ஃபந்திம். என் சிபாரிசைத் திரும்ப எடுத்துக்கறேன்."

"என்ன உளர்றீங்க? இப்ப வாசிச்சதுல என்ன குறை?"

"வாசிச்சதுல குறை கிடையாது. நானா இருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது."

"அப்புறம்?"

"இவர் கைல பேண்டைக் குடுக்க முடியாது."

"காரணம் சொல்லுங்க."

மேஜரின் கை சட்டைப் பையருகே போனது. உறை அங்கேதான் இருந்தது. ஆனால் கை அங்கே பொத்தானைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது.

"என் கணிப்பு தப்பாப் போச்சு. அவ்வளவுதான் ஃபந்திம்."

அட்மிரல் மேஜரை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஏளனம் படர்ந்தது. "புரியுது. நம்மளைவிட நல்லா நடத்திட்டான்னு வயிறு எரியுதா, மேஜர்?"

முராதின் காது மடல்கள் சிவந்தன. முப்பத்தெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "அப்படியே வெச்சுக்கங்க, ஃபந்திம்."

"கெய்ரோவுல இருக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லத்தான் போறேன். இப்படிப்பட்ட மனசுள்ள ஆளையா எல்லாப் பேண்டுக்கும் மேல உக்கார வெக்கிறது?" அட்மிரல் ஷஹாத்தாவின் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னால் ராணுவ நீதிமன்றமும் சிறையும் வீட்டில் இருக்கிற மூன்று பெண் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். ஷஹாத்தா அதை விழுங்கினார்.

"மேஜர் சொல்றபடியே இருக்கட்டும், ஃபந்திம்."

"பாருங்க! எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்று சொல்லிவிட்டு அட்மிரல் விறுவிறுவென்று காருக்குப் போனார்.

மேஜர் கிளாரினெட்டை ஷஹாத்தாவிடம் கொடுத்தார். பையிலிருந்து மடித்த உறையையும் எடுத்து அதோடு சேர்த்துக் கொடுத்தார்.

"இதைப் பதிவேட்டுல சரியான தேதில ஏத்தி வைங்க" என்றார். தனியாகக் கிடங்குகளின் ஓரமாக நடந்து போனார்.

பேருந்தில் ஒரே கூச்சல். ஜன்னல் வழியே வாங்கிய அவித்த அவரைக்கொட்டைப் பொட்டலங்கள் தலைக்கு மேல் பறந்தன. உயிர் பிழைத்த குஷியும் மேஜர் மேலிருந்த ஆத்திரமும் கலந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"என்ன மனுஷன்யா அவன்! கண் முன்னாடி ஒருத்தன் சோத்துல மண்ணைப் போட்டுட்டுப் போறான்!"

"இத்தாலி போய் இதைத்தான் கத்துக்கிட்டு வந்தான் போல."

"உஸ்தாத் இல்லன்னா இன்னைக்கு நாம எல்லாரும் பாலைவனத்துல மணல் எண்ணிக்கிட்டு இருப்போம்."

ஹனஃபி தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். "இங்க வா ஷஹாத்தா, உக்காரு. அட்மிரல் சும்மா விட மாட்டார், பாரு. பொறாமை புடிச்ச அந்த நெட்டைப் பயலைக் கெய்ரோவுல கதவுக்கு வெளியவே நிக்க வெப்பாங்க. நல்லா வேணும் அவனுக்கு."

ஷஹாத்தா உட்காரவில்லை. நடைபாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேருந்து துறைமுக வாசலைத் தாண்டும்போது கிடங்கு நிழலில் நடந்துபோகிற மேஜரை முந்தியது. உள்ளேயிருந்து யாரோ ஊளையிட்டார்கள். மேஜர் தலை நிமிரவில்லை.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் ஷஹாத்தா.

"உனக்கு இளகிய மனசு."

"உறை இன்னைக்கு வரல." கூச்சலில் அது கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னார். "உறை இன்னைக்கு வரல! மூணாம் தேதி வந்துச்சு. நான்தான் வாங்கினேன். பதினாறு நாளா ஒளிச்சு வெச்சிருந்தேன். மேஜர் மாட்டணும்னு அவர் இழுப்பறையில நான்தான் வெச்சேன். அவர் என் பேரைத்தான் எழுதியிருந்தார்னு எனக்குத் தெரியாது."

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஷஹாத்தா மடித்த உறையைப் பிரித்து நீட்டினார். அது முன் வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. அது கடந்து போன வரிசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. யாரும் மெல்லவில்லை, யாரும் தொலி துப்பவில்லை. கன்னம் உப்பி நின்ற டிராம்போன்காரன் உறையை வெகுநேரம் பார்த்துவிட்டு ஹனஃபியிடம் கொடுத்தான். ஹனஃபிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உதட்டை அசைத்து அந்த ஒரு வரியைப் படித்து முடித்தார்.

"அப்ப கோல் அவர் கைலயே இருந்திருந்தா," என்றார் மெதுவாக, "எங்களை அந்தப் பழைய கீதத்தை வாசிக்க விட்டிருப்பே."

ஷஹாத்தா கம்பியை மாற்றிப் பிடித்தார்.

"எங்க முப்பத்தேழு பேரையும். என்னையும்."

"ஆமா."

ஹனஃபி தன் ட்யூபாவை மடியிலிருந்து தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேருந்தில் இன்னும் மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன. ஒவ்வொன்றாக அவற்றின் மேலும் வாத்தியப் பெட்டிகள் ஏறின. பாசறை வரைக்கும் ஷஹாத்தா நின்றுகொண்டே வந்தார்.